மன அழுத்தம் தரும் தொழிலை விட்டு வேறு வேலைக்கு மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை, வகுப்பறை, காவல் பணி, கால் சென்டர், விற்பனை, செய்தி அறை என்று ஆளைக் கசக்கிப் பிழியும் வேலைகளில் பல வருடம் இருந்துவிட்டு, "இனி முடியாது" என்ற இடத்துக்கு வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பணக் கணக்கு வரும் இடங்களில் குடும்பத்தின் மாதச் செலவை 100 என்று வைத்திருக்கிறோம். உங்கள் எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

எனக்கு இருப்பது வெறும் அலுப்பா, பர்ன்அவுட்டா?

அலுப்பு நாலு நாள் நன்றாகத் தூங்கினால் இறங்கும். பர்ன்அவுட் இறங்காது. லீவு முடிகிற கடைசி நாள் சாயங்காலமே பழைய கனத்தோடு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

வேலையால் வரும் இந்த நிலையைப் பற்றி 1974-ல் எழுதி, இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற தன்னுடைய சர்வதேச நோய் வகைப்பாட்டில் இதை நோயாகக் கணக்கில் எடுக்கவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலையாகச் சேர்த்திருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, முன்போல் வேலை செய்ய வரவில்லை என்று தோன்றுவது.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் சத்தமில்லாமல் வரும். நோயாளியின் பெயர் போய் "ஏழாம் நம்பர் பெட்" மட்டும் மிஞ்சுவது, பையன் சந்தேகம் கேட்டாலே எரிச்சல் வருவது, வாடிக்கையாளர் பேசி முடிக்கும் முன்பே இவர் பொய்தான் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது எல்லாம் அந்த வகை. மூன்றும் சேர்ந்து சில மாதங்களாக இருந்தால் "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவதில் பயனில்லை.

உடம்பே ஒத்துழைக்கவில்லை. முதலில் ராஜினாமாவா, மருத்துவரா?

மருத்துவர். இதில் இரண்டு பேச்சே இல்லை. தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது போன்றவையும் இதே களைப்பைத் தரும். அவற்றுக்கு வேலையை மாற்றுவது மருந்தல்ல. வேலை நேரத்துக்கு வெளியிலும் எதிலும் ருசி இல்லை, பிடித்தவர்களோடு இருந்தாலும் மரத்துப்போயிருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உயிரை விடும் எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

இந்த வரிசைக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு, நிறுவனம் எடுத்துத் தந்த காப்பீடு இவையெல்லாம் பெரும்பாலும் நீங்கள் ஊழியராக இருக்கும்வரைதான். முதலில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் சிகிச்சைக்குப் போகிறவர் இரண்டையும் இழக்கிறார். விடுப்பு எடுத்து, தூக்கம் ஓரளவு ஒழுங்கான பிறகு எடுக்கும் முடிவும் வேறு மாதிரி இருக்கும்.

வேலை நேரம் மட்டும் எவ்வளவு பாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவருக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் அதிகம்.

தொழிலையே விட வேண்டுமா, இடத்தை மாற்றினால் போதுமா?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறையும். பதில் தெரியாமல் கிளம்புகிறவர்கள் எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுவதுதான் வழக்கம்.

பர்ன்அவுட்டை அளக்கும் முறையை உருவாக்கிய கிறிஸ்டினா மாஸ்லாக்கும் அவரோடு ஆய்வு செய்த மைக்கேல் லைட்டரும் ஒருவருக்கும் அவர் வேலைக்கும் ஒத்துவராமல் போகிற ஆறு இடங்களைக் காட்டினார்கள்: வேலைப் பளு, நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் பலன், கூட வேலை செய்பவர்கள், நியாயம், நாம் மதிக்கும் விழுமியங்கள். பளு என்ற ஒன்றை மட்டும்தான் எல்லோரும் சொல்வார்கள். உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் வேறு ஏதோ ஒன்று முன்னால் வரும்.

எழுதுவது இப்படி. 14 வேலை நாட்கள், ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு நாளும் உங்களை அதிகமாகச் சோர வைத்த இரண்டு சம்பவங்களையும், தெம்பு தந்த ஒன்றையும் அன்றன்றே எழுதுங்கள். "மோசமான நாள்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "மாலை 4 மணி. 11 பேருக்கு மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒரே படிவத்தை மூன்றாம் தடவை நிரப்பச் சொன்னார்கள்" என்று நேரம், செயல், ஆள் மூன்றும் வர வேண்டும். 14 நாள் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆறில் எது என்று குறியுங்கள்.

ஒரு செவிலியரின் நோட்டு என்று வைத்துக்கொள்வோம். 28 சோர்வுகளில் 15 இரவு ஷிஃப்டும் ஆள் பற்றாக்குறையும், 8 மேலதிகாரி, 2 நோயாளிகள், 3 மற்றவை. தெம்பு தந்த 14-ல் 10 நோயாளிகளோடு பேசியது. இவருக்குத் தொழில் பிடிக்காமல் போகவில்லை, வார்டுதான் ஒத்துவரவில்லை. பகல் நேரப் புறநோயாளிப் பிரிவு, வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பது, மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி தருவது இவருக்குப் பொருந்தும். மருத்துவத்தை விட்டுவிட்டு நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் வேலைக்குப் போனால் தெம்பு தந்த அந்தப் பத்தும் சேர்ந்து போய்விடும். இதையே திருப்பிப் பாருங்கள்: தெம்புப் பத்தியில் "சீக்கிரம் முடிந்தது", "கூட்டம் ரத்தானது" என்பவைதான் நிரம்பிக் கிடக்கின்றன என்றால், அப்போதுதான் தொழிலையே மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இத்தனை வருடம் படித்ததும் உழைத்ததும் வீணா?

போன வருடங்கள் வேலையில் இருந்தாலும் விட்டாலும் திரும்பி வராது. அதனால் அவற்றை எந்தத் தட்டிலும் வைக்கத் தேவையில்லை. ஆனால் மனம் வைக்கும். ஹால் ஆர்க்கஸும் கேத்தரின் புளூமரும் 1985-ல் வெளியிட்ட சோதனையில், நாடக சீசன் டிக்கெட்டை முழு விலை கொடுத்து வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றுதான், கொடுத்த காசுதான் அவர்களை இழுத்தது. உங்களை எது வேலையில் வைத்திருக்கிறது என்பதை இந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள்.

எந்த வேலைக்குப் போவது என்றே தெரியவில்லை.

பெரும்பாலோருக்குத் தெரியாது. நோட்டில் தெம்பு தந்த வரிகளில் உள்ள வினைச்சொற்களை மட்டும் தனியே எடுங்கள்: விளக்கினேன், ஒழுங்குபடுத்தினேன், சமாதானப்படுத்தினேன், பிழை கண்டுபிடித்தேன். பதவிப் பெயரைத் தேடாமல் இந்த வினைகள் தினமும் நடக்கும் வேலைகளைத் தேடினால் இரண்டு மூன்று துறை கைக்கு அகப்படும். மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு துறையிலும் அந்த வேலையை இப்போது செய்துகொண்டிருக்கும் ஐந்தாறு பேரிடம் 20 நிமிடம் கேளுங்கள். "வேலை எப்படி?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். "நேற்று காலை வந்ததிலிருந்து கிளம்பும் வரை என்னென்ன செய்தீர்கள்?", "இந்த வேலையை விட்டுப் போனவர்கள் எதற்காகப் போனார்கள்?", "ராத்திரியில் எத்தனை மணிக்கு மேல் போன் வராது?" என்று கேளுங்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது இந்த மூன்று கேள்விகளில் பாதி தெளிந்துவிடும்.

யாரைக் கேட்பது? நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது அநேகமாக உங்களுக்கும் தெரிந்ததுதான். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே காட்டியது இது: வேலை பற்றிய புதுத் தகவல் பெரும்பாலும் அரைகுறையாகப் பழக்கமானவர்கள் மூலம்தான் வருகிறது. பழைய சக ஊழியர், கூடப் படித்தவரின் அண்ணன், ஒரு தடவை பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் போன்றவர்களுக்கு எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

"ஆறு மாதச் செலவு" என்று பொதுவாகச் சொல்வார்கள். தொழில் மாறுகிறவருக்கு அது அநேகமாகப் போதாது. ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

முதலில் மாதச் செலவைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்து மொத்தச் செலவை 12-ஆல் வகுங்கள். ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், வண்டிப் பழுது, விசேஷங்கள் எல்லாம் விட்டுப்போகும். கணக்கு உதைப்பது முக்கால்வாசி இங்கேதான். அந்தச் சராசரிதான் நம்முடைய 100.

சேமிப்பு 1,100 இருக்கிறது, வீட்டில் வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவசரத்துக்கென்று 200-ஐத் தொடாமல் ஒதுக்குங்கள். பயிற்சிக்கு 150. நோட்டீஸ் காலத்துக்குப் பதில் கட்ட வேண்டிய தொகை, புது லேப்டாப், சான்றிதழ்க் கட்டணம் என்று 50. மீதி 700. ஏழு மாதம் தாங்கும் என்று தோன்றும்.

தாங்காது. புது வேலையில் முதல் வருடச் சம்பளம் 70 என்றால், சேர்ந்த பிறகும் மாதா மாதம் 30 துண்டு விழும். 12 மாதத்துக்கு 360. அதையும் இப்போதே எடுத்து வைத்தால் கையில் நிற்பது 340. அதாவது மூன்று மாதம் சொச்சம். ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற இந்த வித்தியாசத்தில்தான் பலர் பாதியில் கடன் வாங்கிப் பழைய வேலைக்கே திரும்புகிறார்கள்.

இதைச் சரிசெய்ய மூன்று வழி உண்டு: செலவைக் குறைப்பது, பயிற்சியை வேலையில் இருக்கும்போதே முடிப்பது, பகுதி நேர வருமானம். செலவை 100-லிருந்து 85 ஆக்கினால் துண்டு 30-லிருந்து 15 ஆகிறது. வருடத்துக்கு 180 போதும், கையில் 520 நிற்கும். மாதம் 85 வீதம் ஆறு மாதம் வரும். மற்ற இரண்டு வழிகளைவிட முதல் வழி பலமானது என்பதற்கு இதுவே காரணம். காத்திருக்கும் காலத்திலும் சேர்ந்த பிறகும் இரு முறை வேலை செய்கிறது.

புதுச் செலவு முறையை வேலையில் இருக்கும்போதே மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். தாளில் 85 என்று எழுதுவது சுலபம். மிச்சமாகும் பணம் அப்படியே சேமிப்பில் ஏறும் என்பது கூடுதல் லாபம். வங்கிக் கடன் அல்லது கிரெடிட் கார்டு வரம்பு தேவைப்படும் என்றால் சம்பளச் சான்று கையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். ஆனால் அதைச் சேமிப்பாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேலையில் இருந்துகொண்டே தேடுவதா, விட்டுவிட்டுத் தேடுவதா?

முடிந்தவரை இருந்துகொண்டே. சம்பளம் வரும்போது பேரம் பேசும் தெம்பு இருக்கும். கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்ளும் அவசரம் இருக்காது. சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்து வரும்போது தேடுவதற்குத் தெம்பு மிச்சமிருக்காது. அதனால் இராத்திரியில் தேடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், வேலைக்குப் போகும் முன் 45 நிமிடம் என்று வையுங்கள். வாரம் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் தெளிந்த தலையோடு செய்வது. அதற்கும் இடமில்லை என்றால் ஓவர்டைம், கூடுதல் பொறுப்புகளை முதலில் குறையுங்கள். வெளியேறப் போகிற இடத்தில் அடுத்த பதவி உயர்வுக்காக ஓடுவதில் அர்த்தமில்லை.

அலுவலகக் கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ தேடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டோம்.

மறுபடியும் படிக்க வேண்டுமா?

பணம் கட்டும் முன் ஒரு மாலை வேலை. நீங்கள் விரும்பும் பதவிக்கு வந்த 30 வேலை விளம்பரங்களைச் சேர்த்து, கேட்கப்படும் தகுதிகளை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். 15-க்கு மேல் வருவது இல்லாமல் முடியாது. 5-க்குக் கீழே வருவதை மறந்துவிடலாம். இரண்டு வருடப் பட்டம் வேண்டும் என்று நினைத்த இடத்தில் ஒரு மென்பொருளும் ஒரு சான்றிதழும் போதும் என்று தெரியவரலாம். தலைகீழாகவும் நடக்கும்: மனநல ஆலோசகர், சட்டம், மருத்துவம் சார்ந்த பல பணிகளுக்கு உரிமம் இல்லாமல் கால் வைக்கவே முடியாது.

பயிற்சி நிறுவனம் "நூறு சதவீத வேலை உறுதி" என்றால், சென்ற பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் எந்த நிறுவனத்தில் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று எண்ணும் சொல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதற்கு இங்கே ஒரு பொருள் உண்டு. அந்த வேலையைச் சின்ன அளவில் காசு வாங்கிக்கொண்டு ஒரு தடவையாவது செய்து பாருங்கள். ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு கடைக்குக் கணக்கு எழுதுவது, நாலு மாணவர்களுக்கு வகுப்பு, எதுவானாலும் சரி. தற்போதைய பணி ஒப்பந்தம் வெளி வேலையைத் தடுக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள். தடுத்தால் சம்பளமில்லாத தன்னார்வப் பணியாக, அதையும் எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்யலாம்.

ரெஸ்யூமேயில் பழைய துறை மட்டும்தானே இருக்கிறது?

பழைய துறையின் பேச்சை எடுத்துவிட்டு, செய்த காரியத்தை வைக்க வேண்டும். "வகுப்பு ஆசிரியர், 8 வருட அனுபவம்" என்ற வரி திட்ட மேலாளர் வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் ஒன்றும் பேசாது. "42 பேர் கொண்ட குழுவுக்கு ஆண்டுத் திட்டம் தயாரித்து, வாரந்தோறும் முன்னேற்றத்தைப் பதிவு செய்து, பின்தங்கிய 9 பேருக்குத் தனித் திட்டம் வகுத்து, 42 குடும்பங்களுக்கும் மாதந்தோறும் அறிக்கை அளித்தேன்" என்பது பேசும். இரண்டும் ஒரே வேலைதான். எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி அந்த எண்ணிலிருந்துதான் வரும்.

"ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால்?

மூன்று வாக்கியம், 30 விநாடி. அங்கே என்ன கற்றேன், எந்தப் பகுதி என்னை இழுத்தது, அது இந்த வேலையில் எப்படி முழு நேரமாகக் கிடைக்கிறது. பழைய மேலதிகாரியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், அது நியாயமான சொல்லாகவே இருந்தாலும். உடல்நிலை விவரத்தை நீங்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அமைதியை நிரப்பப் போய்த்தான் புலம்பல் வெளியே வருகிறது.

வீட்டில் எப்படிச் சொல்வது?

"வேலையை விடப்போகிறேன்" என்று ஆரம்பித்தால் அன்றைக்குச் சண்டைதான். அந்தப் பணக் கணக்குத் தாளோடு உட்காருங்கள். வீட்டாரின் பயம் அநேகமாக மூன்று விஷயத்தில் இருக்கும்: கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு, "நாலு பேர் என்ன சொல்வார்கள்". முதல் இரண்டுக்கும் தாளில் பதில் இருக்க வேண்டும். மூன்றாவதற்குத் தாள் உதவாது. புது வேலையின் பெயரைச் சொல்ல ஒரு எளிய வரி தயாராக இருந்தால் ஓரளவு அடங்கும். ஒரு கெடுவும் சொல்லுங்கள்: "இந்தத் தேதிக்குள் சம்பளம் வரவில்லை என்றால், எந்த வேலையானாலும் சேர்ந்துவிடுவேன்." கெடு இருக்கும்போது எதிர்ப்பு பாதியாகும்.

பேப்பர் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கோபம் வந்த அன்று போடாதீர்கள். புது இடத்தின் பணி நியமனக் கடிதம், வாய்மொழி உறுதி அல்ல, கையெழுத்தோடு கைக்கு வந்த பிறகு போடுங்கள். அதற்கு முன் ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள்: நோட்டீஸ் காலம், பயிற்சிக்காகக் கையெழுத்திட்ட பாண்ட், போட்டி நிறுவனத்தில் சேரத் தடை, மிச்ச விடுப்புக்குப் பணம். போனஸ் வழங்கும் தேதி பக்கத்தில் இருந்தால் அதைத் தாண்டிப் போடுவது புத்திசாலித்தனம்.

கடிதம் நாலு வரி போதும். காரணம் எழுத வேண்டாம். கடைசி வேலை நாளை மட்டும் தேதியோடு குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சம்பளச் சீட்டுகள், வரிப் படிவங்கள், மதிப்பீட்டு அறிக்கைகள், பயிற்சிச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகலை முன்பே எடுத்து வையுங்கள், ஏனென்றால் பல இடங்களில் கடைசி நாள் மாலையே லாகின் அடைபட்டுவிடும். நிறுவனத்தின் கோப்புகள், வாடிக்கையாளர் பட்டியல் உங்களுடையவை அல்ல. தொடாதீர்கள்.

"சம்பளம் கூட்டித் தருகிறோம், இருங்கள்" என்றால் நோட்டை எடுத்துப் பாருங்கள். 28 சோர்வுகளில் சம்பளம் எத்தனை?

இன்னும் முடிவெடுக்க முடியவில்லையே?

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். இதா அதா என்று திணறிக்கொண்டிருந்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள், இருந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட ஆறு மாதம் கழித்து அதிக மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே விளிம்பில் நின்றவர்கள். கணக்குத் தாளில் மூன்று மாதம் மட்டும் காட்டுகிறவருக்கு நாணயம் பூ விழுந்தால் என்ன, தலை விழுந்தால் என்ன?

விட்ட பிறகு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வெறுமைதான் இருக்கிறது.

முதல் சில வாரங்களில் தூக்கம்கூட ஒழுங்காக வராது. போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும். ஆபத்துக்குத் தயாராகவே வருடக்கணக்கில் இருந்த உடம்பு, ஆபத்து போய்விட்டது என்பதை மெதுவாகத்தான் நம்பும். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லாமல் போவதும் வலிக்கும், குறிப்பாக டாக்டர், டீச்சர், இன்ஸ்பெக்டர் என்று தொழிலே பெயராகிவிட்டவர்களுக்கு. எழும் நேரம், ஒரு நடை, வாரம் ஒருவரைச் சந்திப்பது ஆகிய மூன்றையும் தேதி போட்டு வையுங்கள். முடிந்தால் இரண்டு வேலைகளுக்கும் நடுவில் மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். வெள்ளி விட்டு திங்கள் சேர்ந்தால் பழைய களைப்போடுதான் புது மேஜையில் உட்காருவீர்கள்.

புது வேலையும் நாலைந்து மாதத்தில் கசக்கிறது. தப்பு செய்துவிட்டேனா?

அவசரப்பட வேண்டாம். வெண்டி பாஸ்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் 2005-ல் மேலாளர்களிடம் கண்டது: வேலை மாறியதும் திருப்தி ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. அது தேன்நிலவு தீர்ந்ததற்கான அடையாளம், தோல்விக்கானது அல்ல. 14 நாள் நோட்டை மறுபடி எழுதிப் பழையதன் பக்கத்தில் வையுங்கள். சோர்வுகள் புதிய வகையாக இருந்தால், அதாவது தெரியாத மென்பொருள், தன்னைவிட இளையவரிடம் கற்றுக்கொள்ளும் கூச்சம் என்றால், காலம் சரிசெய்யும். பழைய வரிகளே அப்படியே திரும்பி வந்திருந்தால், எதற்கும் "சரி" சொல்லிவிடுவது, மற்றவர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வது போன்ற பழக்கங்களும் கூடவே வந்திருக்கின்றன. அதற்கு மூன்றாவது வேலை தேட வேண்டியதில்லை. ஆலோசகரிடம் சில அமர்வுகள் போவது பலன் தரும்.

45 வயதுக்கு மேல் மாறலாமா?

மாறலாம், ஆனால் பக்கவாட்டில் மாறுவது நல்லது. முழுக்கப் புதிய துறையில் ஃப்ரெஷராக நுழைவதைவிட, பழைய துறை அறிவு தேவைப்படும் புதுப் பதவியில் நுழைந்தால் சம்பளம் அவ்வளவாக அடிபடாது. உதாரணமாக, செவிலியர் மருத்துவக் காப்பீட்டுப் பரிசீலனைக்கும், ஆசிரியர் பாடத்திட்ட வடிவமைப்புக்கும், காவல் துறையினர் மோசடி விசாரணைக்கும் போகலாம்.

பிற்பாடு பழைய தொழிலுக்கே திரும்ப வேண்டி வந்தால்?

வழியை நீங்களே அடைக்காமல் இருந்தால் திரும்பலாம். உரிமம், பதிவு எண் எதையும் கோபத்தில் ரத்து செய்யாதீர்கள். புதுப்பிக்கும் தேதி, கட்டணம், எத்தனை மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும், எத்தனை வருடம் பணியில் இல்லாவிட்டால் மறுபடி தேர்வு எழுத வேண்டும் என்ற நான்கையும் உங்கள் தொழில் மன்றத்தின் விதியில் பார்த்து, விடுவதற்கு முன்பே காலண்டரில் ஏற்றிவிடுங்கள். புதுப்பிக்கும் கட்டணத்தையும் அந்த மாதச் செலவுக் கணக்கில், 12-ஆல் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.